குளோரின் வாசம் நின்றதா? அதுதான் கவலை

கேள்வி: நாங்கள் இருப்பது ஒரு சிற்றூர். ஒன்பதாயிரம் பேர் இருப்போம். இரண்டு கிணறுகளிலிருந்து நீரை எடுத்து மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, குழாய் வழியாக வீடுகளுக்கு விடுகிறார்கள். காலையில் முதலில் வரும் தண்ணீர் லேசான மஞ்சளாக இருக்கிறது. சில நேரம் பால்போல வெளுத்தும் வருகிறது. சென்ற வாரம் சுத்திகரிப்பு இயந்திரம் விற்பவர் ஒருவர் வந்து, எங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். இரண்டே நிமிடத்தில் தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு மாறிவிட்டது. அவருடைய இயந்திரத்து நீரில் அதையே செய்தபோது தெளிவாகவே நின்றது. அவருடைய கருவியில் டிடிஎஸ் 640 என்று வந்தது. பயந்துபோய் நீர் வழங்கல் அலுவலகத்தில் ஆய்வுத் தாளைக் கேட்டு, அதைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருக்கிறது. புட்டிப்பால்தான். தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் பால்மாவு கலக்கிறோம். இந்த இயந்திரத்தை வாங்கலாமா? ஒரே ஆறுதல், மழை தொடங்கியதிலிருந்து அந்தக் குளோரின் வாசம் அடியோடு நின்றுவிட்டது. குளோரின் புற்றுநோயைத் தரும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைப் பயமுறுத்திய நான்கும், அதாவது மஞ்சள் நிறம், பால் நிறம், கம்பி வித்தை, 640 என்ற எண் ஆகியவை, எனக்குப் பெரிய கவலை தரவில்லை. நீங்கள் ஆறுதல் என்று எழுதிய ஒன்றும், ஆய்வுத் தாளில் நீங்கள் கடந்து போய்விட்ட ஒரு வரியும்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. அவ்விரண்டைப் பற்றியும் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வரி. நைட்ரேட் என்ற கரைந்த உப்பு, லிட்டருக்கு 58 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 50. இந்தியத் தரம் இன்னும் கொஞ்சம் கறாராக 45 என்கிறது. அமெரிக்காவில் 10 என்று பார்த்தால் மலைத்துவிட வேண்டாம். அங்கே நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு எழுதுகிறார்கள். அந்த 10 நம் கணக்கில் ஏறக்குறைய 44. தாளில் எந்தக் கணக்கு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டுக் குழம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் தாளில் 'நைட்ரேட்டாக' என்று தெளிவாகவே போட்டிருக்கிறார்கள்.

58 என்பது எல்லையைச் சற்றே தாண்டிய அளவுதான். வளர்ந்தவர்கள் இதைச் சில நாள் குடித்ததால் எதுவும் ஆகிவிடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த, புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் கதை வேறு. கைக்குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்கே தங்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட் ரத்தத்தில் கலந்து, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பின் நிலையை மாற்றிவிடுகிறது. அப்படி மாறிய ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. பெரியவர்களின் உடலில் இதைச் சரிசெய்யும் நொதி போதுமான அளவு இருக்கிறது. குழந்தைக்கு அது இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. உதடும் நகமும் நீலம் பாய்வதால் இதை 'நீலக் குழந்தை நோய்' என்கிறார்கள். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹண்டர் காம்லி, கிணற்று நீரில் கலந்த பால் குடித்த குழந்தைகளிடம் இதைக் கண்டு முதன்முதலில் எழுதினார்.

இனி உங்கள் மனம் வருந்தக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து நிமிடம் கொதிக்க வைத்தது குழந்தை மீதுள்ள அக்கறையால்தான். ஆனால் கொதித்தால் போவது தண்ணீர் மட்டுமே, நைட்ரேட் போகாது. ஒரு லிட்டர் நீர் கொதித்து முக்கால் லிட்டராகச் சுண்டினால், 58 என்பது 77 ஆகிவிடுகிறது. ஈயம், ஆர்சனிக், ஃப்ளூரைடு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கொதி கிருமியைக் கொல்லும். கரைந்திருக்கும் உப்பை ஒன்றும் செய்யாது. கிருமிக்காகவும் பத்து நிமிடம் வேண்டியதில்லை. நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் போதும். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர்களில் மூன்று நிமிடம்.

ஆகவே, குழந்தையின் பாலுக்கு இன்றிலிருந்து வேறு தண்ணீர். நைட்ரேட் அளவு அச்சிட்ட பாட்டில் நீர் கிடைத்தால் நல்லது. அல்லது, ஆய்வு செய்து நைட்ரேட் குறைவு என்று உறுதியான வேறு நீர். அதையும் ஒரு நிமிடம் கொதிக்க வைத்து, சூடு 70 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவதற்குள் பால்மாவைக் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள். அந்தச் சூடு தண்ணீருக்காக அல்ல, மாவுக்காக. டப்பாவில் வரும் பால்மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. தாய்ப்பால் கொடுக்கும் தாய் இந்த நீரைக் குடித்தால் பால் வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும் நைட்ரேட் மிகக் குறைவு. அந்த வகையில் கவலை வேண்டாம்.

குழந்தையின் உதட்டின் உட்புறம், ஈறு, நகக்கண் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் அடர்ந்த குழந்தைகளுக்கு முகத்தைப் பார்த்து நீலத்தைக் கண்டுபிடிக்க முடியாது, இந்த இடங்களில்தான் தெரியும். நீலமோ சாம்பல் நிறமோ தென்பட்டால், குழந்தை சோர்ந்து கிடந்தால், மூச்சு வேகமாக இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாகவே 'நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீர் கொடுத்திருக்கிறோம்' என்று சொல்லுங்கள். இதற்கு மருந்து இருக்கிறது. மருத்துவருக்குச் சந்தேகம் எழ வேண்டும், அவ்வளவுதான். வயிற்றுப்போக்கு வந்தாலும் காத்திருக்க வேண்டாம். குடலில் தொற்று இருக்கும்போதுதான் இந்த நோய் மூர்க்கமாகிறது.

தொற்று என்றதும் அந்த 'ஆறுதலு'க்கு வருகிறேன்.

குழாய் நீரில் குளோரின் வாசம் லேசாக இருப்பது, தொட்டியிலிருந்து உங்கள் வீடு வரை ஒரு காவலாள் கூடவே வந்திருக்கிறான் என்பதன் அடையாளம். கிணற்றடியில் கிருமியைக் கொன்றபின் மிச்சமிருக்கும் குளோரின், வழியில் விரிசல் விட்ட குழாய் மூட்டு வழியாகக் கசிந்து வருவதையும் சமாளிக்க வேண்டும். அதனால்தான் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறார்கள். பாதுகாப்பின் மேல் வரம்பு 5 மில்லிகிராம். அதற்கு வெகு கீழேயே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

மழை தொடங்கியதும் அந்த வாசம் நின்றது என்றால் இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன. ஒன்று, குளோரின் சேர்க்கும் கருவி பழுதாகியிருக்க வேண்டும், அல்லது மருந்து தீர்ந்திருக்க வேண்டும். மற்றொன்று, கருவி ஒழுங்காகவே ஓடுகிறது. ஆனால் மழைநீரோடு கிணற்றில் இறங்கிய அழுக்கு குளோரின் முழுவதையும் தின்றுவிடுகிறது. எது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. இரண்டாவது என்றால் நைட்ரேட்டுக்கும் அதுவே விளக்கமாகலாம். உரமிட்ட வயல், கால்நடைக் கழிவு, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் நைட்ரேட்டை மண்ணுக்குள் விடுகின்றன. மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஆழமில்லாத கிணறாக இருந்தால் மழையோடு நேரே இறங்கிவிடும். நைட்ரேட் வந்த வழியில் கிருமியும் வரலாம்.

இந்த இடத்தில் வாக்கர்ட்டன் என்ற ஊரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. உங்கள் ஊரைப் போலவே கிணற்று நீர்தான். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை. பக்கத்துப் பண்ணையில் நிலத்துக்கு இட்டிருந்த சாணம் மழையோடு கரைந்து, ஆழம் குறைந்த ஐந்தாம் எண் கிணற்றில் இறங்கியது. அதில் ஈ.கோலி பாக்டீரியாவின் கொடிய வகை ஒன்று இருந்தது. தினமும் எஞ்சிய குளோரினை உண்மையாகவே அளந்திருந்தால், சீக்கிரமே தெரிந்திருக்கும். ஊழியர்கள் அளக்கவில்லை, பதிவேட்டில் மட்டும் அளந்ததுபோல எண்களை எழுதி வந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். 2300 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள், ஊரில் ஏறக்குறைய பாதி.

பின்னால் நடந்த நீதி விசாரணையில் தெரியவந்த ஒரு விஷயம் எனக்கு இன்னமும் உறுத்துகிறது. அந்த ஊழியர்கள் ஊரைக் கெடுக்க நினைத்தவர்கள் இல்லை. தங்கள் கிணற்று நீர் குளோரின் சேர்க்காமலே சுத்தமானது என்று நம்பி, தாங்களும் அதை அப்படியே குடித்து வந்தவர்கள். சாணமிட்ட பண்ணையாளர்மீதும் குற்றமில்லை என்று விசாரணை சொன்னது. அவர் முறைப்படிதான் செய்திருக்கிறார்.

உங்கள் பக்கத்து வீட்டார் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. நீரில் உள்ள இலைதழைச் சத்துகளோடு குளோரின் சேரும்போது டிரைஹாலோமீத்தேன் போன்ற துணைப்பொருட்கள் உருவாகின்றன. பல ஆண்டுகள் அதிக அளவில் உட்கொண்டால் தீங்கு வரலாம் என்பதால் அவற்றுக்கும் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆற்று நீர், ஏரி நீர் பயன்படுத்தும் ஊர்களில் இது கவனிக்க வேண்டியது. கிணற்று நீரில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். முப்பது ஆண்டு கழித்து வரக்கூடிய சிறு ஆபத்துக்குப் பயந்து, நாளைக் காலை வரக்கூடிய பேதியை வரவேற்பதா? வாசம் பிடிக்கவில்லை என்றால் குடத்தில் பிடித்து மூடி வையுங்கள்; சில மணி நேரத்தில் தணிந்துவிடும்.

நீங்களே வீட்டில் பார்க்கலாம். நீச்சல் குளங்களுக்கென்று விற்கும் எளிய குளோரின் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். சிறு குப்பியில் நீரைப் பிடித்து மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பாகும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு குளோரின். நிறமே மாறவில்லை என்றால், தேதியும் நேரமும் எழுதிப் படம் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். குளோரின் மறுபடி தென்படும் வரை வீட்டில் எல்லோருக்கும் குடிக்க, பல் துலக்க, பச்சையாகச் சாப்பிடுவதைக் கழுவ, ஐஸ் கட்டி போட எல்லாவற்றுக்கும் கொதித்தாறிய நீர்தான்.

இனி அந்தக் கம்பி வித்தை. அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும், ஒருவகையில் ரசிக்கவும் தோன்றும். கம்பிகளில் ஒன்று பெரும்பாலும் இரும்பு, மற்றொன்று அலுமினியம். கரைந்த உப்பு இருக்கும் நீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி அரித்துக் கரைந்து துருவாக மாறும். நீங்கள் பார்த்த சாக்கடை நிறம் உங்கள் தண்ணீரிலிருந்து வந்ததில்லை, அவருடைய கம்பியிலிருந்து வந்தது. அவருடைய இயந்திரத்து நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. ஆகவே மின்சாரம் பாயவில்லை, கம்பி கரையவில்லை, நீர் தெளிவாகவே நின்றது. அடுத்த முறை வந்தால், அந்தத் தெளிந்த நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். அவரே செய்யட்டும், மின்சாரத்தோடு நீங்கள் விளையாட வேண்டாம். உப்புப் போட்டால் சாக்கடை அங்கேயும் வரும்.

டிடிஎஸ் கருவி அளப்பதும் ஏறக்குறைய அதே மின்கடத்தும் தன்மையைத்தான். கரைந்த உப்புகள் மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று அது ஊகித்துச் சொல்கிறது. 600 வரை சுவை நன்றாக இருக்கும், 1000 தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். 640 இருந்தால் நாக்குக்குச் சற்றே தெரியும். நீரில் ஆர்சனிக்கின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதைப்போலப் பத்து மடங்கு கலந்திருந்தாலும் இந்தக் கருவியின் எண் அசையாது. கோடிக் கணக்கில் பாக்டீரியா இருந்தாலும் அசையாது. உங்கள் நைட்ரேட் 58உம் அந்த 640க்குள்தான் ஒளிந்திருந்தது. அவர் கண்ணில் படவே இல்லை.

மஞ்சள் நிறம் பெரும்பாலும் குழாயின் துரு. இரவெல்லாம் நீர் அசையாமல் நின்று, காலையில் முதலில் வருகிறது. துணியில் கறை படியும், உடலுக்குப் பெரிய தீங்கில்லை. ஆனால் அதே தேங்கிய நீரில், பழைய வீடாக இருந்தால், ஈயக் குழாயோ ஈயப் பற்றவைப்போ பித்தளைப் பாகமோ கரைத்த ஈயமும் இருக்கலாம். அதற்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. 2014இல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் நீரின் மூலத்தை மாற்றியபோது, குழாய் அரிக்காமல் காக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய குழாய்களிலிருந்து ஈயம் வீடு வீடாக இறங்கியது. காலையில் நிறம் தெளியும் வரை திறந்துவிட்டு, அந்த நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். வெந்நீர்க் குழாயிலிருந்து சமையலுக்கும் குடிக்கவும் எடுக்காதீர்கள். சூடான நீர் ஈயத்தை வேகமாகக் கரைக்கும்.

பால்போல வருவது காற்றுக் குமிழி. கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்து வந்தால் காற்றுதான், மறந்துவிடலாம். மேலே தெளிந்து அடியில் வண்டல் படிந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.

இயந்திரம் வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். அந்த விற்பனையாளர் தவறான காரணத்தைச் சொல்லிச் சரியான பொருளை விற்க வந்திருக்கக்கூடும். நீரை ஒரு மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் நைட்ரேட்டைப் பெருமளவு குறைக்கும். அதற்கென்றே உள்ள அயனிப் பரிமாற்ற வடிகட்டியும் குறைக்கும். கரி வடிகட்டி, மெழுகுவத்தி வடிவ வடிகட்டி, புற ஊதா விளக்கு மூன்றும் நைட்ரேட்டைத் தொடவே தொடாது. கரி வடிகட்டியில் இன்னொரு சங்கடமும் உண்டு. அது குளோரினை நீக்கிவிடும். காலாவதியான பிறகும் மாற்றாமல் விட்டால் பாக்டீரியா வளரும் வீடாக மாறிவிடும். புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்லும், ஆனால் கலங்கல் இல்லாத நீரில்தான். ஆர்.ஓ. வாங்குவதானால் பொருத்திய பிறகு வரும் நீரை ஒரு முறை நைட்ரேட்டுக்கு ஆய்வு செய்துவிட்டுத்தான் குழந்தைக்குக் கொடுங்கள். சவ்வு பழையதாக ஆக நைட்ரேட் கசியத் தொடங்கும். ஆண்டுக்கொரு முறை மறு ஆய்வு வேண்டும். ஒரு பங்கு நல்ல நீருக்கு இரண்டு, மூன்று பங்கு வீணாக வெளியேறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வீட்டுக்கு முழுவதும் வேண்டாம், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் போதும்.

ஆனால் இயந்திரம் உங்கள் வீட்டை மட்டும்தான் காக்கும். அந்தக் கிணற்று நீரைக் குடிக்கிற மற்ற கைக்குழந்தைகளும் ஊரில் இருப்பார்கள். எனவே நீர் வழங்கல் அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். கடந்த இரண்டு மாதத்தின் எஞ்சிய குளோரின் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எல்லா நாளும் ஒரே எண் எழுதியிருந்தால் அதையே கேள்வியாக்குங்கள். உண்மையில் அளந்த எண்கள் நாளுக்கு நாள் கொஞ்சமாவது ஆடும். நைட்ரேட் இரண்டு கிணற்றிலும் இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா என்று தனித்தனியே ஆய்வு செய்யச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அதை நிறுத்தலாம், அல்லது மற்றதோடு கலந்து அளவைக் குறைக்கலாம். கிணற்று வாய் சிமென்ட்டால் அடைக்கப்பட்டிருக்கிறதா, சுற்றிலும் மழைநீர் தேங்குகிறதா என்று நீங்களே போய்ப் பார்த்துப் படம் எடுக்கலாம். இதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.

பாக்டீரியா ஆய்வுக்கு நீங்களே நீர் கொண்டுபோவதானால், ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் மட்டும் பிடியுங்கள். அதன் அடியில் பொடியோ சில துளி திரவமோ இருக்கும். அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். குளோரினை முறிப்பதற்காக வைத்தது அது. மூடியின் உட்புறத்தைத் தொடாமல், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள். 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதில் பேரம் இல்லை.

நீங்கள் அனுப்பிய ஆய்வுத் தாளின் படம் 'கடினத்தன்மை' வரியோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே பாக்டீரியா பகுதி இருந்திருக்க வேண்டும். படம் எடுக்கும்போது விடுபட்டதா, அல்லது தாளிலேயே இல்லையா என்று பாருங்கள். புதிய ஆய்வு முடிவு வந்ததும், தேதியும் மாதிரி எடுத்த இடமும் தெரியும்படி முழுப் பக்கமாக அனுப்புங்கள்.